பழைய கன்சோல்களில் சீட் கருவிகள்: எந்தக் கோடு எப்படி வேலை செய்கிறது, ஏன் உறைகிறது

கேள்வி சுருக்கமாக இது: என்இஎஸ் (நின்டெண்டோவின் 8 பிட் கன்சோல்), சூப்பர் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் 1, நின்டெண்டோ 64 ஆகியவற்றுக்கு கேம் ஜீனி, ஆக்‌ஷன் ரீப்ளே, கேம்ஷார்க் கருவிகளை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். இணையத்தில் எடுத்த கோடுகளில் (கேமின் போக்கை மாற்றக் கருவியில் தட்டும் எழுத்து-எண் குறியீடுகளில்) பாதி வேலை செய்யவில்லை, சில கேமை உறைய வைக்கின்றன. கன்சோல் கெடுமா, சேவ் அழியுமா?

கன்சோல் கெடும் பயம் என்இஎஸ்ஸில் மட்டும் உண்மையானது, அதுவும் கனெக்டரோடு நின்றுவிடும். சேவ் அழியும் பயம் எல்லாவற்றிலும் நியாயமானது. கோடு வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் கருவி காரணமில்லை. வேறு வகைக் கருவிக்கான கோட்டையோ கேமின் வேறு பதிப்புக்கான கோட்டையோ போட்டிருப்பீர்கள். அதனால் முதலில் வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேம் ஜீனி கன்சோலுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவில் உட்காரும். கன்சோலின் சிபியு கார்ட்ரிட்ஜில் எந்த முகவரியைப் படிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் கொடுத்த முகவரி வந்தால் ரோமில் (கேமின் நிரல் நிரந்தரமாகப் பதிந்துள்ள சிப்பில்) இருப்பதற்குப் பதிலாக வேறொரு பைட்டை, அதாவது வேறொரு எண்ணை, கொடுத்துவிடும். எதையும் எங்கும் எழுதாது. ஆக்‌ஷன் ரீப்ளேயும் கேம்ஷார்க்கும் முக்கியமாக வேறு வழியில் போகின்றன: ஒரு சின்ன நிரலை கேமோடு ஒட்டிவைத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் ஒவ்வொரு படம் வரும்போதும்) ரேமில் (கேம் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தில்) ஒரு குறிப்பிட்ட இடத்தில் நீங்கள் சொன்ன மதிப்பை எழுதிக்கொண்டே இருக்கும். என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை) கன்சோலில் நொடிக்கு 60 தடவை, பிஏஎல் (ஐரோப்பிய டிவி முறை) கன்சோலில் 50 தடவை. முதல் வகை கேமின் நிரலை மாற்றுகிறது, இரண்டாவது வகை கேமின் நிலையை மாற்றுகிறது. ஒன்றின் கோட்டை இன்னொன்றில் போட்டால் வேலை செய்யாது.

சூப்பர் நின்டெண்டோவில் இந்தக் குழப்பம் அதிகம், ஏனென்றால் இரண்டுமே எட்டு எழுத்துதான். நடுவில் ஹைஃபன் போட்டு நான்கு நான்காகப் பிரித்திருந்தால் கேம் ஜீனி. சேர்த்து எழுதி, 7ஈ அல்லது 7எஃப் என்று தொடங்கினால் ஆக்‌ஷன் ரீப்ளே. அந்தக் கன்சோலின் 128 கேபி ரேம் இருப்பதே 7ஈ, 7எஃப் என்ற இரண்டு பேங்க்குகளில் (நினைவகப் பகுதிகளில்) தான்.

என்இஎஸ் கேம் ஜீனியின் கோடு எப்படி உருவாகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். அதில் பதினாறே எழுத்துகள்: ஏ, பி, இசட், எல், ஜி, ஐ, டி, ஒய் என்ற எட்டும் வரிசையாக 0 முதல் 7 வரை, ஈ, ஓ, எக்ஸ், யு, கே, எஸ், வி, என் என்ற எட்டும் 8 முதல் 15 வரை. (இதில் பி என்பது பென்சிலின் பி, டி என்பது டைகரின் டி.) சூப்பர் மாரியோ பிரதர்ஸில் லைஃப் குறையாமல் இருக்கப் போடும் புகழ்பெற்ற கோடு எஸ்-எக்ஸ்-ஐ-ஓ-பி-ஓ. இந்த ஆறு எழுத்தின் பிட்டுகளைக் கலைத்து அடுக்கினால் கிடைப்பது, ஹெக்ஸில் (0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் 16 இலக்கம் கொண்ட எண்முறையில்), முகவரி 91டி9, மதிப்பு ஏடி. கேமின் அந்த இடத்தில் உண்மையில் இருக்கும் பைட் சிஈ. 6502 வகை சிபியுவில் சிஈ என்றால் ‘இந்த நினைவக இடத்தில் ஒன்றைக் குறை’. ஏடி என்றால் ‘இந்த இடத்தில் இருப்பதைப் படி’. மாரியோ செத்ததும் 075ஏ என்ற இடத்தில் உள்ள லைஃப் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிய கட்டளை, வெறுமனே படித்துவிட்டுப் போகும் கட்டளையாக மாறிவிடுகிறது. இரண்டு கட்டளைக்கும் நீளம் மூன்று பைட் என்பதால் பின்னால் வரும் நிரல் இம்மியும் நகரவில்லை. நல்ல கோடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். நீளம் மாறும் கட்டளையைச் செருகும் கோடுதான், அல்லது ஒரு எழுத்து தவறாகத் தட்டிய கோடுதான், திரையைக் கலைத்து கேமை உறைய வைக்கிறது.

எட்டு எழுத்துக் கோட்டில் கூடுதலாக இருப்பது ஒரு ஒப்பீட்டு பைட். என்இஎஸ் சிபியுவுக்கு கார்ட்ரிட்ஜின் நிரல் ஒரே நேரத்தில் 32 கேபிதான் தெரியும். சூப்பர் மாரியோ பிரதர்ஸின் நிரல் மொத்தமே 32 கேபி, ஆகவே ஆறு எழுத்து போதும். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-இன் நிரல் 256 கேபி. அதைத் துண்டு துண்டாக மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். ஒரே முகவரியில் நேரத்துக்கு ஒரு துண்டு வரும். அங்கே ஆறு எழுத்துக் கோடு போட்டால் சம்பந்தமில்லாத துண்டிலும் பைட்டை மாற்றிவிடும். எட்டு எழுத்துக் கோடு, ‘அங்கே இருப்பது இந்த பைட் என்றால் மட்டும் மாற்று’ என்கிறது. ஒரு சோதனையும் உண்டு: மூன்றாவது எழுத்து மேலே சொன்ன முதல் எட்டில் ஒன்றானால் அது ஆறு எழுத்துக் கோடு, இரண்டாவது எட்டில் ஒன்றானால் எட்டு எழுத்துக் கோடு. ஆறே எழுத்து கொடுத்து மூன்றாவது எழுத்து கே என்றோ என் என்றோ இருந்தால், நகலெடுத்தவர் கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டார் என்று பொருள்.

என்இஎஸ்ஸில் ஒரே நேரத்தில் மூன்று கோடுதான் போடலாம். மெகா டிரைவிலும் சூப்பர் நின்டெண்டோவிலும் ஐந்து. கோட்டை மாற்ற வேண்டுமானால் பவரை நிறுத்திப் போடுங்கள். ரீசெட் அழுத்தினால் என்இஎஸ் கேம் ஜீனி தன் திரையைக் காட்டாது, பழைய கோடுகளோடு கேம்தான் மறுபடி தொடங்கும்.

இனி அந்தக் கனெக்டர். முன்பக்கம் கதவு உள்ள என்இஎஸ்ஸில் கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளிக் கீழே அமுக்குவது வழக்கம். கேம் ஜீனிக்கு அமுக்கக் கூடாது. முதலில் கேமை ஜீனிக்குள் முழுதாகச் செருகி, இரண்டையும் சேர்த்து நேராக உள்ளே தள்ள வேண்டும். அமுக்காமலே தொடர்பு கிடைக்க வேண்டும் என்பதால் ஜீனியின் போர்டு சாதாரண கார்ட்ரிட்ஜின் போர்டைவிடத் தடிமனானது. அது 72 பின் கனெக்டரின் பின்களை விரித்துவிடுகிறது. மாதக்கணக்கில் அப்படியே செருகி வைத்தால், பிறகு வெறும் கேமைப் போடும்போது பின்கள் இறுக்கிப் பிடிக்காது. சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு தடவை அணைந்து எரியும். கார்ட்ரிட்ஜிலுள்ள பூட்டு சிப்போடு பேச முடியாமல் கன்சோல் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்வதுதான் அந்த மினுக்கல்.

ஆகவே விளையாடி முடித்ததும் ஜீனியைக் கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே தளர்ந்திருந்தால், கனெக்டரைக் கழற்றித் தண்ணீரில் சில நிமிடம் கொதிக்கவைத்து, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு மாட்டுவது பலருக்குப் பலன் தந்திருக்கிறது. அது அழுக்கைத்தான் எடுக்கும், விரிந்த பின்னை முழுதாக நிமிர்த்தாது. புதிதாக விற்கும் மாற்றுக் கனெக்டர்களில் பல கார்ட்ரிட்ஜை இரும்புப் பிடியாகப் பிடிக்கின்றன. பழைய அசல் கனெக்டரைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. 1993-இல் வந்த, மேலிருந்து செருகும் என்இஎஸ்ஸில் ஜீனி நேரடியாகப் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். 90-களில் இந்தியாவில் ‘டிவி கேம்’ என்று விற்ற நகல் கன்சோல்கள் ஜப்பானிய ஃபாமிகாம் வழியில் 60 பின் கொண்டவை. அவற்றிலும் 72 பின் ஜீனி போகாது.

எந்தக் கருவியானாலும் முதல் வேலை துடைப்பது. கருவியின் அடிப் பின்கள், மேல் ஸ்லாட், கேமின் பின்கள் என மூன்று தொடர்பு இடங்கள் இருக்கின்றன; ஒன்றில் அழுக்கு இருந்தாலும் கோடு தவறு போலவே தோன்றும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது பஞ்சுக்குச்சியை நனைத்து, பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும் வரை துடையுங்கள். பத்து நிமிடம் உலரவிட்ட பிறகே பவர். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப் பூச்சு போய்விடும். வாயால் ஊதுவதும் வேண்டாம், ஈரம் பின்களை அரிக்கும். கோடே போடாமல் கருவி வழியாக கேம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கோட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ரேமில் எழுதும் கருவிகளில் கவனிக்க வேண்டியது வேறு. சூப்பர் மாரியோ வேர்ல்டில் 7ஈ0டிபிஈ62 என்ற கோட்டைப் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் ரேம் முகவரி, கடைசி 62 மதிப்பு. 62 ஹெக்ஸ் என்றால் 98. அந்த கேம் லைஃபை ஒன்று குறைத்தே சேமிப்பதால் திரையில் 99 தெரியும். ஒவ்வொரு ஃபிரேமிலும் இது எழுதப்படுவதால் அறிமுகக் காட்சியிலும் மெனுவிலும்கூட எழுதிக்கொண்டே இருக்கும். லைஃப் மாதிரி தனி இடத்துக்குப் பரவாயில்லை. ஆனால் அதே ரேம் இடத்தை கேம் வேறு காட்சியில் வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் உறையும். கருவியில் சுவிட்ச் இருப்பது அதற்காகத்தான்: ஆஃபில் வைத்துத் தொடங்கி, விளையாட்டுக்குள் போனதும் ஆன் செய்யுங்கள், கட்டம் மாறும் முன் ஆஃப். தொடக்கத்திலேயே உறையும் கோடுகளில் கணிசமானவை இப்படிச் செய்தால் ஓடும்.

பிளேஸ்டேஷன் 1-க்கான கேம்ஷார்க், பின்பக்கம் மூடிக்குள் இருக்கும் பேரலல் போர்ட்டில் மாட்டுவது. பவரை நிறுத்திவிட்டே மாட்ட வேண்டும். எஸ்சிபிஎச்-9000 வரிசையிலும் பிற்பாடு வந்த சிறிய பிஎஸ் ஒன்னிலும் அந்த போர்ட் கிடையாது, அவற்றுக்கு சிடி வடிவில் வந்த பதிப்புதான் வழி. கோட்டின் முதல் இரண்டு இலக்கம் கட்டளை வகையைச் சொல்கிறது: 80 என்றால் 16 பிட் எழுது, 30 என்றால் 8 பிட் எழுது, டி0 என்றால் ‘இந்த இடத்தில் இந்த மதிப்பு இருந்தால் மட்டும் அடுத்த வரியைச் செய்’. டி0 வரியையும் அடுத்த வரியையும் பிரிக்கக் கூடாது. முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போட்டால், பட்டனை அழுத்தினால் மட்டும் நடக்க வேண்டியது ஓயாமல் நடந்து கேமை முடக்கும்.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. பிளேஸ்டேஷனில் 80 என்பது 16 பிட்; நின்டெண்டோ 64-இல் அதே 80 என்பது 8 பிட், 16 பிட்டுக்கு 81. இரண்டு கன்சோலிலும் சிபியு எம்ஐபிஎஸ் குடும்பம், ஒற்றைப்படை முகவரியில் 16 பிட் எழுதச் சொன்னால் ஏற்காமல் பிழை எழுப்பி நின்றுவிடும். ஆகவே பிளேஸ்டேஷனின் 80, நின்டெண்டோ 64-இன் 81 கோடுகளில் முகவரியின் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக இருக்கிறதா என்று பாருங்கள் (ஹெக்ஸில் ஏ, சி, ஈ மூன்றும் இரட்டை). ஒற்றைப்படையானால் அச்சுப்பிழை.

நின்டெண்டோ 64 கேம்ஷார்க்தான் இந்தக் கருவிகளில் மிகவும் நுணுக்கமானது. ஒவ்வொரு கேம் கார்ட்ரிட்ஜிலும் ஒரு பூட்டு சிப் இருக்கிறது. அமெரிக்க கேம்களில் பெரும்பாலானவை 6102 வகை. பஞ்சோ-கசூயி 6103, ஒக்கரினா ஆஃப் டைம் 6105, எஃப்-ஸீரோ எக்ஸும் யோஷிஸ் ஸ்டோரியும் 6106. கேம்ஷார்க் தானே கார்ட்ரிட்ஜ் போல நடித்துத் தொடங்குவதால், அதில் பதிந்துள்ள கீ கோடு மேலே செருகிய கேமின் சிப்போடு பொருந்த வேண்டும். எஃப்-ஸீரோ எக்ஸ் ஆட வேண்டுமா? முதலில் சூப்பர் மாரியோ 64 போன்ற 6102 கேமைச் செருகி கேம்ஷார்க் மெனுவுக்குப் போங்கள், கீ கோடு பகுதியில் தேவையானதைத் தேர்ந்தெடுங்கள், பதிந்து முடிந்ததும் பவரை நிறுத்தி கேமை மாற்றி மறுபடி போடுங்கள். இப்போது மாரியோ 64 தொடங்காது. திரும்ப வர 6106 கேமையே செருகி, கீயை மாற்ற வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேம்ஷார்க் ‘செத்துவிட்டது’ என்று தூக்கிப்போடும் முன் இதைச் சோதியுங்கள். முந்தைய உரிமையாளர் வேறு கீயில் விட்டிருக்கலாம். 6103, 6105, 6106 என ஒவ்வொரு வகையிலும் ஒரு கேமைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையாகவே சாவதற்கும் காரணம் உண்டு: கோடு சேர்த்தாலோ நீக்கினாலோ கருவி தன் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுகிறது. அந்த நொடியில் பவர் போனாலோ, உயரமாக நிற்கும் கார்ட்ரிட்ஜ் ஆடி ரீசெட் ஆனாலோ அதன் சொந்த நிரலே சிதைந்துவிடும். சேமிக்கும்போது கைவைக்காதீர்கள், மின்வெட்டு வரும் நேரத்தில் கோடு பட்டியலைத் திருத்தாதீர்கள். ப்ரோ பதிப்புகளில் விளையாட்டுக்கு நடுவிலேயே கோடு தேடும் வசதி இருக்கிறது, அதற்கு எக்ஸ்பேன்ஷன் பேக் தேவை.

சேவ் அழிவதை கேம் பாய் வைத்து விளக்குவது எளிது. கேம் பாய் கேம்ஷார்க் கோட்டில் 01, பிறகு மதிப்பு, பிறகு முகவரியின் இரண்டு பாதிகள் இடம் மாறி. போகிமான் ரெட்டில் மியூ வரவைக்கும் 0115டி8சிஎஃப் என்பதைப் பிரித்தால், சிஎஃப்டி8 என்ற இடத்தில் 15 எழுது என்று ஆகும். 15 ஹெக்ஸ், கேமின் உள் வரிசையில் மியூவின் எண். பிடித்ததும் கோட்டை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அடுத்தடுத்த மோதல்களிலும் அதே எண் திணிக்கப்படும். சுவருக்குள் நடக்கவைக்கும் 010138சிடி அதைவிட ஆபத்து. வரைபடத்துக்கு வெளியே போய் அங்கேயே சேவ் செய்தால் கோடு இல்லாமல் திரும்ப முடியாது, அந்த கேமில் சேவ் இடமே ஒன்றுதான். கருவி கேமின் ரோமை மாற்றவே முடியாது, ஆனால் கெட்ட நிலையை கேமே தன் கையால் பேட்டரி ரேமில் எழுதிவைத்துக்கொள்ளும். கோட்டோடு ஆடும்போது முக்கியமான சேவ் உள்ள கார்ட்ரிட்ஜில் சேவ் செய்யாதீர்கள். பொருள்களின் எண்ணிக்கையைக் கூட்டும் கோட்டை ஒரு தடவை போட்டு, எடுத்துக்கொண்டு, பவரை நிறுத்தி, கருவி இல்லாமல் தொடர்வதே பாதுகாப்பான பழக்கம். அதற்கும் நடுவில் ஒரு சேவ் தேவைப்படும் என்பதால், ஒரு நேரத்தில் ஒரே கோடு.

கேம் பாய் அட்வான்ஸில் ஆக்‌ஷன் ரீப்ளே, கோட்பிரேக்கர் என்ற இரண்டு கருவிகளின் கோடுகளும் வெவ்வேறு வடிவில் இருப்பவை, ஒன்று மற்றதில் ஓடாது. மாஸ்டர் கோடு (மற்ற கோடுகள் வேலை செய்யத் தேவையான அடிப்படைக் கோடு) கேட்டால் அதை முதலில் ஆன் செய்ய வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லையா? பதிப்பைப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு, ஜப்பானியப் பதிப்பு, அதே நாட்டிலேயே பிழை திருத்தி மறுபடி அச்சிட்ட பதிப்பு என எல்லாவற்றிலும் முகவரிகள் நகர்ந்திருக்கும். ஒரு கோடு மட்டும் தவறினால் தட்டச்சுப் பிழை. ஒரு கேமின் எல்லாக் கோடும் தவறினால் பதிப்பு வேறு.

அப்போது நீங்களே தேடிக்கொள்ளலாம். மெசன், பிஸ்ஹாக் போன்ற எமுலேட்டர்களில் (பழைய கன்சோலைக் கணினியில் நடிக்கவைக்கும் மென்பொருள்களில்) ரேம் தேடல் இருக்கிறது. உங்களிடம் உள்ள அதே பதிப்பை ஓட்டி, லைஃப் 5 இருக்கும்போது 5 என்று தேடுங்கள். ஒரு லைஃப் விட்டு, மிஞ்சிய இடங்களில் 4 உள்ளவற்றை மட்டும் வடிகட்டுங்கள். மூன்று நான்கு சுற்றில் கைவிரல் எண்ணிக்கைக்கு வந்துவிடும். ஒன்றுமே மிஞ்சவில்லையென்றால் கேம் ஒன்று குறைத்துச் சேமிக்கிறது, 4, 3 என்று தேடுங்கள். உயிர்ப்பட்டை மாதிரி எண் தெரியாதவற்றுக்கு ‘முன்பைவிடக் குறைந்தது’, ‘மாறவில்லை’ என்று மாறி மாறி வடிகட்ட வேண்டும். ஸ்கோரில் ஏமாறாதீர்கள், சூப்பர் மாரியோ பிரதர்ஸ் போன்றவை ஒவ்வொரு இலக்கத்தையும் தனி பைட்டில் வைக்கின்றன, முழு எண்ணைத் தேடினால் கிடைக்காது. கிடைத்த இடத்தின் மதிப்பை மாற்றிப் பாருங்கள். திரையில் மட்டும் மாறி அடுத்த ஃபிரேமில் பழையபடி ஆனால் அது காட்சிக்கான நகல், மூலம் வேறிடத்தில்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதெல்லாம் திருட்டுக் கருவி என்ற எண்ணம் இன்னமும் இருக்கிறது. கேம் ஜீனியை அமெரிக்காவில் விற்ற கலூப் நிறுவனத்துக்கும் நின்டெண்டோவுக்கும் நடந்த வழக்கில் 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கலூப் பக்கம் தீர்ப்பளித்தது: ஜீனி கேமிலிருந்து புதிய வழிப்படைப்பு எதையும் உருவாக்கவில்லை. சேகா அதே கருவிக்கு உரிமமே கொடுத்தது. ஆக்‌ஷன் ரீப்ளேயின் டேட்டெல் மீது சோனி தொடுத்த வழக்கில் 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், நிரலைத் தொடாமல் ரேமிலுள்ள மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றுவது கணினி நிரல்களுக்கான ஐரோப்பியப் பதிப்புரிமைப் பாதுகாப்பை மீறுவதில்லை என்றது. அந்த வழக்கு பிஎஸ்பி கருவி பற்றியது, தொழில்நுட்பம் மேலே சொன்ன அதே ரேம் எழுத்துதான்.

உங்கள் நான்கு கன்சோல்களில் சூப்பர் நின்டெண்டோவில் தொடங்குங்கள். சுவிட்ச் இருப்பதால் கோட்டின் விளைவை ஆன் ஆஃப் செய்து நேரில் பார்க்கலாம், கனெக்டரும் என்இஎஸ் அளவுக்கு மென்மையானதல்ல. நின்டெண்டோ 64 கேம்ஷார்க்கைக் கடைசிக்கு வையுங்கள். கையில் உள்ள கேம்கள் எந்த பூட்டு சிப் வகை என்று முதலில் ஒரு தாளில் எழுதி, கருவியின் பெட்டியிலேயே போட்டுவையுங்கள்.